எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, ஹார்ட்டில்பூல்: ப்ரமோஷனுக்கு வெயிட் பண்றவங்க ஒரு தடவை போய்ட்டு வாங்க

முதல்லயே சொல்லிடுறேன், மியூசியம்னா எனக்கு வாசல்லயே கொட்டாவி வந்துடும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள துருப்பிடிச்ச கத்தி ஒண்ணு, பக்கத்துல பொடி எழுத்துல ஒரு முழுப் பக்கத்துக்கு விளக்கம், அதை நின்னு படிக்கிற பொறுமையெல்லாம் நமக்குக் கிடையாது. அப்படிப்பட்டவன் காலையில பதினோரு மணிக்கு இந்தக் கப்பல் மியூசியத்துக்குள்ள போயி, மூடப் போறோம்னு சொன்ன பிறகும் மனசில்லாம வெளிய வந்தேன்னா அங்க ஏதோ இருக்குன்னுதான அர்த்தம், அதான் உக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்றேன்.

இழுத்துட்டுப் போனது என் ஹவுஸ்மேட் அண்ணன். நான் தூத்துக்குடி, அவரு திருகோணமலை (இங்கிலீஷ்ல டிரிங்கோமலி), ரெண்டு பேரும் இங்கிலாந்துல நியூகாசில்ல ஒரே வீட்டுல வாடகைக்கு இருக்கோம். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது போனை நீட்டி, "எங்கட ஊர்ப் பேரில கப்பல் ஒண்டு நிக்குதாம் தம்பி, வாற சனிக்கிழமை போய்ப் பாப்பமே?"ன்னாரு. அந்த வாரம்தான் ஆபீஸ்ல அப்ரைசல் முடிஞ்சு இந்த வருஷமும் உனக்கு ப்ரமோஷன் இல்லைன்னு நாசூக்கா சொல்லி அனுப்பியிருந்தாங்க. வீட்டுல உக்காந்து புழுங்குறதுக்கு கப்பலாவது பாக்கலாம்னு கிளம்பிட்டேன். கப்பல் நிக்கிற ஹார்ட்டில்பூலுக்கு ட்ரெயின்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், நியூகாசில்ல இருந்து போறவங்க இடது பக்க ஜன்னல் சீட்டா பிடிச்சுக்கோங்க, பாதி தூரத்துக்குக் கடல் கூடவே வரும். ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம்தான், வழி கேக்கவே வேண்டாம், கட்டடத்துக்கு மேல பாய்மரம் மூணும் தெரியும்.

கப்பலைப் பத்தி சுருக்கமா. 1817 அக்டோபர் 12ல பம்பாய்ல கடல்ல இறக்குனது. நெப்போலியன் சண்டைக்காகக் கப்பலாக் கட்டித் தள்ளுனதுல இங்கிலாந்துல ஓக் மரம் தட்டுப்பாடு ஆயிடுச்சு, அதனால பம்பாய் பட்டறையில இருந்த பார்சி வாடியா குடும்பத்துக்கிட்ட ஆர்டர் போச்சு. மலபார் தேக்கு. கட்டுன செலவு 23,000 பவுண்டு. இன்னிக்கும் தண்ணியில மிதந்துக்கிட்டு இருக்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள்லயே பழசு இதுதான், மரத்துல பாதிக்கு மேல அந்தக் காலத்துத் தேக்கே. கைப்பிடியில கையை வச்சுப் பாத்தேன், எங்க ஆச்சி வீட்டு நிலைக்கதவு மாதிரியே வழவழன்னு இருந்துச்சு. அது பழைய மரமா ரிப்பேர்ல போட்ட புதுசான்னு தெரியாது, ஆனா ஆச்சி ஞாபகம் வந்தது நிஜம். மூக்குல, அதாவது எங்க ஊர் தோணிக்காரங்க அணியம்னு சொல்ற முன்பக்கத்துல, தலைப்பாகை கட்டுன ஒரு ஆள் சிற்பம். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "உப்பிடி ஒரு ஆளை நான் திருகோணமலையில கண்டதேயில்ல"ன்னுட்டாரு.

பேருக்கு ஒரு கதை இருக்கு. 1782ல திருகோணமலைக்கு வெளிய கடல்ல இங்கிலீஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸுக்கும் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரானுக்கும் நடந்த சண்டை, அதோட ஞாபகமா வச்ச பேரு. இதுல காமெடி என்னன்னா அந்தச் சண்டையில இவங்க ஜெயிக்கவே இல்ல. ஹியூஸ் வந்து சேர்றதுக்கு முன்னாடியே பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் பிடிச்சாச்சு, ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டு ஒரு முடிவும் இல்லாம பிரிஞ்சாங்க, ஊரு அவன் கையிலயே நின்னுபோச்சு. இந்த ரெண்டு பேரும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர்னு நம்ம கரையோரமாவே ஒன்றரை வருஷத்துல அஞ்சு தடவை மோதியிருக்காங்க. ஸ்கூல்ல நமக்கு ஏன் இதெல்லாம் ஒரு வரி கூட இல்லைன்னு தெரியல.

சரி, உள்ள போவோம். முதல் எச்சரிக்கை, தலை. கீழ்த்தளத்துக்கு இறங்குற ஏணியில திரும்பி, முதுகைக் காட்டித்தான் இறங்கணும். இறங்கி நிமிர்ந்தேன், உத்தரத்துல 'டங்'குன்னு ஒரு இடி. ஐஞ்சடி எட்டங்குலம்தான் நான், எனக்கே இந்தக் கதின்னா ஆறடி ஆளுங்க கூனிக்கிட்டேதான் நடக்கணும். ஆளுங்க படுக்குற தளம் அது. வரிசையா சாப்பாட்டு மேசை, மேல உத்தரத்துல இருந்து தொங்குற துணித் தூளி. ஒரு ஆளு தூளிக்கு அந்தக் கால ரூல்ல 14 அங்குலம்தான் இடம், பாதிப் பேர் ட்யூட்டியில இருக்கும்போது மீதிப் பேர் தூங்குறதால கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாங்க. இந்த ஒரு கப்பல்ல கிட்டத்தட்ட 240 பேர். நம்ம ஊர் மேன்ஷன் ரூமே தேவலாம்.

அங்க இருந்து அப்படியே பின்பக்கம் நடங்க, இந்த இடத்துக்குத்தான் நான் அஞ்சு ஸ்டாரையும் குடுப்பேன். பத்தடி நடக்குறதுக்குள்ள இடம் மாறிக்கிட்டே வருது. முதல்ல தூளி. அப்புறம் மிட்ஷிப்மேன்னு சொல்ற, ஆபீஸர் ஆகப் பயிற்சி எடுக்குற பையனுங்க இருந்த மூலை. அதுக்கு அங்கிட்டு லெஃப்டினன்ட்டுங்க சேர்ந்து சாப்பிடுற ரூம், சுத்தி ஆளுக்கொரு கேபின், கேபின்னா நம்ம பூஜை ரூம் சைஸ்தான், ஆனா சாத்திக்கிறதுக்குக் கதவு இருக்கு. அதுக்கு நேர் மேல, பீரங்கித் தளத்தோட கடைசியில, கேப்டன் ரூம். கப்பலோட அகலம் முழுக்க, பின்னாடி வரிசையா ஜன்னல், வெளிச்சம் கொட்டுது. தூளி, மூலை, கதவு, ஜன்னல். ஒரு நேவி ஆபீஸரோட மொத்த வாழ்க்கையும் அந்தக் கொஞ்ச தூரம்தான், அதை நடக்க சிலருக்கு எட்டு வருஷம், சிலருக்கு முப்பது வருஷம், பல பேருக்கு அந்த ஜன்னல் கிடைக்கவே இல்ல.

அங்க ஒரு வயசான வாலன்டியர் இருந்தாரு, ரிட்டயர்டு டீச்சர் மாதிரி பேச்சு. நான் அந்தப் பையனுங்க மூலையைப் பாத்து "வேலைக்கு எத்தனை வயசுல எடுத்தாங்க"ன்னு கேட்டதுதான், மனுஷன் அரை மணி நேரம் விடல, நாங்களும் நகரல. பன்னண்டு, பதிமூணு வயசு. ஆபீஸர் வீட்டுப் பையன்னா பதினொண்ணே போதும். பரீட்சை எழுதி உள்ள வர்றதெல்லாம் பெரும்பாலும் கிடையாது, ஒரு கேப்டன் தன் கூட ஒரு பையனைச் சேத்துக்கிட்டா முடிஞ்சுது. அப்போ கேப்டனைத் தெரிஞ்சிருக்கணும்ல? அங்கதான் சொந்தக்காரங்க. பின்னாடி இங்கிலாந்து நேவியோட பெரிய ஹீரோ ஆன நெல்சன் 1771ல பன்னண்டு வயசுல போய்ச் சேந்தது அம்மாகூடப் பிறந்த மாரிஸ் சக்லிங்கோட கப்பல்ல. 1777ல லெஃப்டினன்ட் பரீட்சைக்குப் போறாரு, மூணு கேப்டன் எதிர்ல உக்காந்து வாய்லயே கேள்வி கேப்பாங்க, நடுவுல தலைவரா உக்காந்திருந்தது யாருன்னு நினைக்கிறீங்க, அதே மாமா. இருபது வயசு ஆயிருக்கணும்னு ரூல், பையனுக்குப் பதினெட்டு, சர்ட்டிஃபிகேட்ல இருபதுக்கு மேலன்னு எழுதியாச்சு. தாய்மாமன் சீர்னா அது! நம்ம ஊர்லதான் மாமன் மோதிரம் போடுவாருன்னு நினைச்சேன்.

இதுல அண்ணனுக்குப் பிடிச்ச பிட்டு ஒண்ணு. லெஃப்டினன்ட் ஆக ஆறு வருஷம் கடல் அனுபவம் வேணும், ஆனா அந்த ஆறு வருஷத்துக்கு முக்கியமான சாட்சி கப்பல் ஆட்டனன்ஸ் புக்குதான். அதனால தெரிஞ்ச கேப்டன் மூலமா வீட்டுல விளையாடிக்கிட்டு இருக்கிற குழந்தை பேரை புக்குல ஏத்திடுவாங்க. தாமஸ் காக்ரேன்னு பின்னாடி பெரிய பேரு எடுத்த ஆளு, அவரு பேரை அஞ்சு வயசுலயே சித்தப்பா தன் கப்பல் புக்குல எழுதிட்டாரு, ஆளு நிஜமா கப்பல் ஏறுனது பதினேழு வயசுல. கட்சி ஆபீஸ்ல நடக்காத வேலைக்கு மாசச் சம்பளம் போடுற மாதிரி. ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், அப்போ ஆர்மியில காசு குடுத்தே ஆபீஸர் பதவியை வாங்கலாம், நேவியில அது முடியாது. சிபாரிசுல உள்ள வந்தாலும் பாயை ஏத்தி இறக்கி, நட்சத்திரம் பாத்துக் கணக்குப் போட்டு, புயல்ல கப்பல் கரையில மோதாம எப்படித் திருப்புவேன்னு மூணு பெருசுங்க முன்னாடி பதில் சொல்லித்தான் ஆகணும்.

வெளிய கப்பலைச் சுத்தி அந்தக் காலத் துறைமுகத் தெரு மாதிரியே கடைகளா கட்டி வச்சிருக்காங்க, யூனிஃபார்ம் தைக்கிற டெய்லர், வாள் செய்றவர், கருவிகள் விக்கிற கடைன்னு. அதைப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது, இந்தப் பன்னண்டு வயசுப் பையனுக்கு கோட்டு, வாள், டெலஸ்கோப்பு எல்லாம் வீட்டுல இருந்துதான் வாங்கிக் குடுத்து அனுப்பணும். இஞ்சினியரிங் காலேஜ் சேக்குற செலவுதான் போங்க.

லெஃப்டினன்ட் ஆனதுக்கு அப்புறம்தான் உண்மையான மாட்டல். கேப்டன் ஆகுறதுக்கு ஒண்ணு மேல யாராவது கை தூக்கி விடணும், இல்ல சண்டையில பேரு எடுக்கணும், இல்ல மேல இருக்கிறவன் சாகணும். போஸ்ட் கேப்டன், அதாவது முழுக் கேப்டன்ங்கிற அந்த ஒரு படியைத் தாண்டிட்டா கவலையே இல்ல, அதுக்கு மேல எல்லாமே சீனியாரிட்டி, உயிரோட இருந்தா போதும், முன்னாடி இருக்கிற பேரு ஒவ்வொண்ணா அழியும், நாம அட்மிரல் ஆயிடுவோம். நெல்சன் அந்தப் படியை இருபது வயசுல தாண்டிட்டாரு. நான் இருக்கிற நியூகாசில்லயே பிறந்து, பின்னாடி அட்மிரல் ஆன காலிங்வுட் அவரை விடப் பத்து வயசு பெரியவர், சேந்தது 1761ல, லெஃப்டினன்ட் ஆக 1775 வரைக்கும் ஆச்சு. அதுக்கப்புறம் நெல்சன் எந்த வேலையை விட்டு மேல போறாரோ அந்தச் சீட்டு காலிங்வுட்டுக்கு, மூணு கப்பல்ல வரிசையா இப்படியே நடந்திருக்கு. ஜூனியர் எந்திரிச்ச சூடு ஆறாத சேர்ல சீனியர். அப்படியும் ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் நெருங்கிய சிநேகிதங்க. நானா இருந்தா காண்டீன்ல கூட அவன் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேன்.

காசு விஷயமும் சொல்லணும். சம்பளம் சுமார்தான், ஆனா எதிரிக் கப்பலைப் பிடிச்சா அதை வித்த காசுல பங்கு. 1808 வரைக்கும் இருந்த கணக்குல எட்டுல மூணு பங்கு கேப்டனுக்கு, அதுல ஒரு பங்கு அவருக்கு மேல இருக்கிற அட்மிரலுக்கு, அவரு பல மைல் தள்ளி டீ குடிச்சுக்கிட்டு இருந்தாலும். கீழ இருக்கிற நூத்துக்கணக்கான ஆளுங்களுக்கு எல்லாருக்கும் சேத்து எட்டுல ரெண்டு. 1762ல ஹெர்மியோன்னு ஒரு ஸ்பெயின் கப்பல் புதையலோட மாட்டுச்சு, பிடிச்ச கேப்டன் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 65,000 பவுண்டு. இந்தக் கப்பலைக் கட்டுன 23,000 பவுண்டோட சேத்துப் பாருங்க, இதே மாதிரி ரெண்டரைக் கப்பலுக்கு மேல கட்டலாம். அதனாலதான் எல்லாருக்கும் இந்த மாதிரி வேகமான ஃப்ரிகேட் கப்பல் மேல ஆசை.

ஆனா இந்தக் கப்பலுக்கு அந்த யோகம் இல்ல, என் மனசைப் பிடிச்சதே அதுதான். ஆர்டர் போட்டது 1812ல, சண்டை உச்சத்துல. கட்டி முடிச்சப்போ 1817, சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷம். 1819ல போர்ட்ஸ்மவுத் வந்து சேந்துச்சு, அப்படியே ஓரமா கட்டிப் போட்டாங்க. 1845 வரைக்கும் சும்மா. முதல் வேலைக்குக் கடலுக்குக் கிளம்புனது 1847ல, பிறந்து 30 வருஷம் கழிச்சு! அதே நேரத்துல ஆபீஸர்களுக்கும் அதே கதிதான், சண்டை இல்ல, கப்பல் இல்ல, பத்துல எட்டு ஒன்பது பேருக்கு வேலை இல்ல. ஆனா டிஸ்மிஸ் பண்ண மாட்டாங்க, பாதிச் சம்பளம் குடுத்து வீட்டுல உக்கார வைப்பாங்க, கூப்பிட்டா வரணும். ரிட்டயர்மென்ட்டும் ஒழுங்கா கிடையாது, அதனால மேல ஒருத்தரும் நகரல, கீழ ஒருத்தரும் ஏறல. இருபத்தி மூணு வயசு லெஃப்டினன்ட் அப்படியே நாப்பத்தஞ்சு வயசு லெஃப்டினன்ட் ஆயிருப்பாரு. நெல்சனே 1787ல இருந்து அஞ்சு வருஷம் நார்ஃபோக் கிராமத்துல அப்பா வீட்டுல லெட்டர் மேல லெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தவர்தான். இதைக் கேட்டுக்கிட்டு அந்தக் கேப்டன் ரூம் ஜன்னல்கிட்ட நின்னப்போ, என் மேனேஜர் சொன்ன "நெக்ஸ்ட் சைக்கிள்ல பாக்கலாம்" காதுல கேட்டுச்சு, ஆனா அவ்வளவா எரியல.

இதுக்கு நேர்மாறா ஒரு ஆளு. இதே டிசைன்ல கட்டுன அக்கா கப்பல் ஷானன், 1813 ஜூன் 1ல பாஸ்டனுக்கு வெளிய அமெரிக்கக் கப்பல் செசபீக்கைப் பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள பிடிச்சுது. அதுல கேப்டன் புரோக்குக்குத் தலையில வெட்டு, முதல் லெஃப்டினன்ட் செத்துட்டாரு, அடுத்த ஆளு புரோவோ வாலிஸ், வயசு 22, அவருதான் கனடாவுல இருக்கிற ஹாலிஃபாக்ஸ் வரைக்கும் கப்பலைக் கொண்டு போய்ச் சேத்தாரு. அவரு தலைமை தாங்குனது ஒரு வாரம் கூட இல்ல. பல வருஷம் கழிச்சு 1870ல ரிட்டயர்மென்ட் ரூல் கொண்டு வந்தாங்க, அதுல நெப்போலியன் சண்டை நடந்த காலத்துல கப்பலுக்குத் தலைமை தாங்குனவங்களுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சில நாள் கணக்குல வாலிஸ் சாகுற வரைக்கும் ஆக்டிவ் லிஸ்ட்லயே, அதாவது வேலையில இருக்கிறவங்க பட்டியல்லயே இருந்தாரு, முழுச் சம்பளம், 1877ல நேவியிலயே உச்சப் பதவி, 1892ல செத்தப்போ வயசு 100. பெரியவரே போதும் ஓய்வெடுங்கன்னு ஆபீஸ்ல இருந்து ஜாடையா கேட்டதுக்கு, நான் கடலுக்குப் போக ரெடியாத்தான் இருக்கேன்னு பதில் போட்டாருன்னு ஒரு கதை சொல்வாங்க. அவரு பேரை முதமுதல்ல கப்பல் புக்குல ஏத்துனப்போ அவருக்கு நாலு வயசு, அதையும் சொல்லிடணும்.

டிரிங்கோமலிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னா, 1847ல இருந்து பத்து வருஷம் வேலை, முதல்ல வெஸ்ட் இண்டீஸ், கனடாப் பக்கம், பின்னாடி பசிபிக். பெரிய கடற்போர்னு எதுவும் இல்ல. 1857ல திரும்பி வந்தப்போ நீராவிக் கப்பல் காலம் ஆயிடுச்சு, பயிற்சிக் கப்பலா மாத்திட்டாங்க. 1897ல காயலான் கடைக்கே வித்தாச்சு, ஒரு பணக்காரர் வாங்கிக் காப்பாத்தி ஃபூத்ரோயான்னு பேரையும் மாத்தி, 1986 வரைக்கும் பசங்களுக்குக் கடல் பயிற்சி. அடுத்த வருஷம் ஹார்ட்டில்பூல் கொண்டு வந்து பத்து வருஷத்துக்கு மேல ரிப்பேர் பாத்தாங்க, அது நடந்துக்கிட்டு இருக்கும்போதே 1992ல பழைய பேரையே திரும்ப வச்சாங்க.

போறவங்களுக்கு: வயசானவங்க மேல்தளமும் தெருவும் பாத்தா போதும், கீழ ஏணி முட்டியைப் பதம் பாத்துடும். வழுக்காத ஷூ. ஜூன் மாசமா இருந்தாலும் ஜாக்கெட், அந்தக் காத்து நம்ம ஊர் காத்து கிடையாது. குழந்தைங்களுக்கு ஓடி விளையாட இடம் இருக்கு. மதியம் ஊருக்குள்ள ஒரு மீன் வறுவல் கடையில மாட்டிக்கிட்டோம், பேரு வேண்டாம், கடலுக்குப் பக்கத்துலயே கடை வச்சுக்கிட்டு ரப்பர் மாதிரி ஒரு மீனைத் தந்தாங்க, நான் தூத்துக்குடிக்காரன் எனக்கே சோதனை, கையில சாப்பாடு கட்டிட்டுப் போறது உத்தமம். இன்னொண்ணு, அந்த ஊர்க்காரங்ககிட்ட குரங்கு பத்திக் கேளுங்க. நெப்போலியன் காலத்துல கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்குன குரங்கை பிரெஞ்சு ஒற்றன்னு தூக்குல போட்டாங்கன்னு ஒரு பழங்கதை, நிஜமான்னு கேக்காதீங்க, அவங்களே சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்க.

அடுத்த சனிக்கிழமை டைன்மவுத் போறோம், அங்க காலிங்வுட் சிலை கடலைப் பாத்து நிக்குது, கீழ அவரோட ராயல் சாவரின் கப்பல்ல இருந்த பீரங்கி நாலு. மனுஷன் 1803ல கடலுக்குப் போனவர், திரும்ப வீட்டைப் பாக்கவே இல்ல, லீவு கேட்டுக் கேட்டு கடைசியில 1810ல விட்டாங்க, ஊருக்குக் கிளம்புன கப்பல்லயே செத்துப்போனாரு. லீவுல ஊர்ல இருந்த நாள்ல எல்லாம் பாக்கெட்ல ஓக் விதை வச்சுக்கிட்டு நல்ல மண்ணாப் பாத்து ஊனிக்கிட்டே நடப்பாராம், வருங்காலக் கப்பலுக்கு மரம் வேணும்னு. தேக்கு வந்ததை அவரு பாத்திருக்கணும்.

கிளம்பும்போது அண்ணன் அங்கயே நின்னு திருகோணமலைக்கு வீடியோ கால் போட்டு கப்பலைச் சுத்திக் காட்டுனாரு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமா பாத்தாங்க. "உதுக்கு மரம் எங்கட காட்டிலயோ வெட்டினவங்கள்?"

"இல்லையம்மா, மலபார்ப் பக்கம்."

"செய்தது?"

"பம்பாயில."

"ஒருக்காலாவது இஞ்ச வந்து நிண்டதோ?"

அண்ணன் என்னைப் பாத்தாரு, நான் வாலன்டியரைத் தேடுனேன், அவரு எப்பவோ வீட்டுக்குப் போயிட்டாரு. "தெரியேல்லையம்மா."

"அப்ப பேர் மட்டும்தான் எங்கட"ன்னு சொல்லிட்டு, அடுப்புல என்னமோ கருகுதுன்னு போனை வச்சுட்டாங்க.